அளந்து பார்க்காமல் மாற்றலாமா? – துணி டிரையரும் ஒரு சின்னஞ்சிறு சென்சாரும்

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் உளுந்தூர்பேட்டையில் மொட்டை மாடிக் கொடிக்கயிறுகளுக்கு விடுமுறை. காலையில் வெயில் சிரிக்கும். நம்பித் துணியைக் காயப்போட்டால் பத்து மணிக்கெல்லாம் கொட்டித் தீர்க்கும். பள்ளிச் சீருடை, வேட்டி, போர்வை என்று எல்லாம் கூடத்து ஃபேனுக்கு அடியில் தொங்கும். மறுநாள் அதில் ஒரு புழுங்கல் வாடை! 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பக்கத்து மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மாதிரி நாட்களில் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டிலும் துணி காய்ந்திருக்க வாய்ப்பில்லை.

இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான் நடுத்தரக் குடும்பங்கள் சிலவற்றில் சூடான காற்றால் துணியை உலர்த்தும் இயந்திரம் நுழைந்திருக்கிறது. தனி டிரையராகவோ, துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாக இருக்கும் இயந்திரமாகவோ அது வருகிறது. "வெயில் கொளுத்துற ஊர்ல டிரையர் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பத்து மாதம் சூரியனே இலவச டிரையர். ஆனால் வாங்கியவர்கள் வாங்கிவிட்டார்கள். வாங்கிய பொருள் கெட்டுப்போகும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

எது டிரையர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் வலது பக்கம் வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும் சின்னத் தொட்டியைத்தான் பெரும்பாலான வீடுகளில் "டிரையர்" என்கிறார்கள். அது உண்மையில் பிழியும் இயந்திரம். அதில் ஹீட்டரும் இல்லை, வெப்பத்தை அளக்கும் சென்சாரும் இல்லை. துணி அதிலிருந்து ஈரமாகத்தான் வெளியே வரும்.

உண்மையான டிரையர் வேறு. அதில் ஒரு ஹீட்டர் காற்றைச் சூடாக்கும் (வெப்பப் பம்பு கொண்ட மாதிரிகளும் உண்டு). ஒரு விசிறி அந்தக் காற்றைச் சுழலும் டிரம்முக்குள் தள்ளும். ஈரத்தைச் சுமந்த காற்று ஒரு வலையில் பஞ்சுத் தூசியை விட்டுவிட்டு, குழாய் வழியாக வெளியே போகும் அல்லது உள்ளேயே குளிர்ந்து தண்ணீராக வடியும். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பார்த்து ஹீட்டரை அணைத்து அணைத்துப் போடுவது கட்டுப்பாட்டுப் பலகையின் வேலை. மெக்கானிக்குகளின் வாயில் அது "போர்டு". அந்த போர்டுக்குக் கண்ணும் தோலும் எல்லாமே காற்றுப் பாதையில் செருகியிருக்கும் ஒரு சின்னஞ்சிறு சென்சார்தான். பெரும்பாலும் சுண்டுவிரல் நுனி அளவு கூட இருக்காது.

வழக்கமாக நடக்கும் நாடகம்

ஒரு மழைநாள். டிரையரில் துணியைப் போட்டால் மூன்று மணி நேரம் ஓடியும் ஈரம் போகவில்லை. அல்லது துணி தொட முடியாதபடி சூடாகி, டிரம் நடுவில் நின்றுவிடுகிறது. போன் செய்கிறார்கள். சர்வீஸ் ஆள் விழுப்புரத்திலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ வர வேண்டும். இரண்டு நாள் கழித்து வருகிறார். பின்பக்கத் தகட்டைக் கழற்றுகிறார். டார்ச் அடித்துப் பார்க்கிறார். ஐந்தாவது நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது.

"போர்டு போச்சுக்கா. மாத்திடலாம்."

"எவ்வளவு தம்பி ஆகும்?"

அவர் சொல்லும் தொகை சில ஆயிரங்களில் இருக்கும். போர்டு சென்னையிலிருந்து வர வேண்டும், ஒரு வாரம், பத்து நாள். வந்து மாட்டுகிறார்கள். இரண்டு நாள் ஓடுகிறது. மறுபடியும் பழைய கதை! கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது சில நூறு ரூபாய் சென்சார் என்று தெரிகிறது. சில சமயம் சென்சார் கூட இல்லை, எலி கடித்த ஒரு ஒயர்!

இதில் அந்த இளைஞரை மட்டும் குற்றம் சொல்வது எளிது. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதிக்குப் பின்னால் வரலாம். முதலில் அந்தச் சென்சாரைத் தெரிந்துகொள்வோர் எவருக்கும் இந்த நாடகம் எவ்வளவு அநாவசியமானது என்பது புரிந்துவிடும்.

ஃபாரடே பார்த்த விந்தை

செம்பு, இரும்பு போன்ற உலோகங்களைச் சூடாக்கினால் அவற்றின் மின்தடை கூடும். 1833-ல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடு என்ற பொருளை ஆராய்ந்தபோது நேர்மாறாக நடப்பதைக் கவனித்தார். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கியது. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து, 1930-ல், அமெரிக்காவின் சாமுவேல் ரூபன் இந்தக் குணத்தை வைத்துப் பயன்படும் கருவியாக தெர்மிஸ்டரை உருவாக்கினார். இன்று டிரையர், ஃபிரிட்ஜ், ஏ.சி., வாஷிங் மெஷின் என்று வீட்டில் இருக்கும் பாதிச் சாமான்களுக்குள் இது உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலிலும் தெர்மிஸ்டர் வருகிறது. பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோகிற ஒரு வரிதான், ஆனால் அந்த ஒரு வரி தெரிந்தால் பல ஆயிரம் ரூபாய் மிச்சம்!

டிரையர்களில் பரவலாகக் காணப்படும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம் என்றால், 25 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை 10 கிலோ ஓம். அந்த வகையில் வழக்கமான ஒன்றின் கணக்கு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

20 டிகிரியில் 12.5 கிலோ ஓம்
25 டிகிரியில் 10 கிலோ ஓம்
30 டிகிரியில் 8 கிலோ ஓம்
38 டிகிரியில் 5.75 கிலோ ஓம்
40 டிகிரியில் 5.3 கிலோ ஓம்
60 டிகிரியில் 2.5 கிலோ ஓம்

இதே அளவுதான் எல்லா இயந்திரத்திலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதிரிக்கு மாதிரி மாறும். ஆனால் இறங்கும் பாங்கு ஒன்றுதான்.

இந்தக் கணக்கில் உளுந்தூர்பேட்டைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. தயாரிப்பாளர்களின் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு எண்தான் முன்னால் நிற்கும்: 25 டிகிரியில் 10 கிலோ ஓம். கத்திரி வெயில் நாளில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பின்கட்டில் 38 டிகிரி இருக்கும்போது அதே சென்சாரை அளந்தால் மீட்டர் 5.75 காட்டும். "பத்து இருக்கணும், ஆறு கூட இல்ல, சென்சார் அவுட்!" என்று நல்ல சென்சாரைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அதே சென்சாரை மார்கழி விடியற்காலையில் கல்வராயன் மலைமேல் ஒரு வீட்டில் 20 டிகிரியில் அளந்தால் 12.5 காட்டும். இரண்டு இடத்திலும் சென்சார் நல்ல சென்சார்தான். மீட்டரின் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். குளிர்நாட்டில் எழுதிய புத்தகத்தை வெப்பநாட்டில் வாசிக்கும்போது இந்த எச்சரிக்கை அவசியம்.

கோளாறு எப்படியெல்லாம் வரும்?

சென்சார் நான்கு விதமாக ஏமாற்றலாம்.

ஒன்று, உள்ளே அறுந்துவிடுவது. மின்தடை எல்லையில்லாமல் போய்விடும். போர்டுக்கு அது உறைபனிக் குளிர் போலத் தெரியும். இரண்டு, உள்ளே ஒட்டிக்கொள்வது. மின்தடை பூஜ்யத்துக்கு வந்துவிடும். போர்டுக்கு அது நெருப்புச் சூடு. இந்த இரண்டையும் இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் தாங்களே கண்டுபிடித்து, பிழைக் குறியீடு காட்டி நின்றுவிடும். ஆகவே இவை அவ்வளவு ஆபத்தில்லை.

மூன்றாவதுதான் சூழ்ச்சிக்காரன். சென்சார் முழுதாகச் சாகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லத் தொடங்கும். தடை குறைவாகக் காட்டினால், போர்டு "போதும் சூடு" என்று ஹீட்டரைச் சீக்கிரம் அணைக்கும், துணி ஈரமாகவே இருக்கும். தடை அதிகமாகக் காட்டினால், போர்டு "இன்னும் சூடாகவில்லை" என்று ஹீட்டரை எரிய விட்டுக்கொண்டே இருக்கும், துணி கருகும்.

நான்காவது, சென்சார் நல்லபடி இருக்க, ஒயரோ கனெக்டரோ கெட்டிருப்பது. ஈரக் காற்றில் கனெக்டர் பச்சை பூத்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பச்சை கூடுதலாக 1 கிலோ ஓம் தடையைச் சேர்க்கலாம். ஒரு கிலோ ஓம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் திகைப்பு வரும். காற்று உண்மையில் 60 டிகிரி இருக்கும்போது போர்டுக்குப் போய்ச் சேருவது 2.5-க்குப் பதில் 3.5 கிலோ ஓம். போர்டு அதை 51 டிகிரி என்று நினைக்கும். போர்டு 60 என்று நம்பி ஹீட்டரை அணைக்க வேண்டுமானால் உண்மையான சூடு சுமார் 75 டிகிரிக்குப் போயிருக்க வேண்டும்! ஒரு துளிப் பச்சைக்கு இவ்வளவு வேலை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஏ.சி.களில் 5, 10, 15, 20 கிலோ ஓம் என்று பல வகைச் சென்சார்கள் புழங்குகின்றன. பார்க்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கையில் கிடைத்ததை மாட்டி அனுப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு. 10 இருக்க வேண்டிய இடத்தில் 5 கிலோ ஓம் சென்சாரை மாட்டினால், 25 டிகிரி அறையைப் போர்டு ஏறக்குறைய 41 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். புதுச் சென்சார் போட்டும் டிரையர் ஒழுங்காக ஓடவில்லை என்றால், "அப்போ போர்டுதான்" என்ற முடிவுக்கு மறுபடியும் வந்து நிற்பார்கள்.

சென்சார் செய்யாத குற்றங்கள்

எல்லாப் பழியையும் சென்சார் மேல் போடுவதும் தவறு. துணி ஈரமாகவே இருக்கிறது என்ற ஒரே அறிகுறிக்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்கலாம். பஞ்சு வலை அடைத்திருக்கலாம். காற்று வெளியேறும் குழாய் மடிந்தோ அடைத்தோ இருக்கலாம். அளவுக்கு மீறித் துணி திணித்திருக்கலாம். ஹீட்டர் கம்பி அறுந்திருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகள் மேல் துணி மென்மையாக்கும் திரவத்தின் படலம் படிந்திருக்கலாம். இந்தப் பட்டைகள் வெப்பத்தை அளப்பதில்லை, துணியின் ஈரத்தை அளக்கின்றன. ஈரத்துணி இரண்டு பட்டைகளையும் ஒரே நேரத்தில் தொடும்போது மின்சாரம் கடக்கும். படலம் படிந்தால் மின்சாரம் கடக்காது. இயந்திரம் "துணி காய்ந்துவிட்டது" என்று நினைத்துப் பாதியிலேயே நின்றுவிடும். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் சரியாகிவிடும் கோளாறு இது. இதற்கும் சிலர் போர்டு மாற்றியிருப்பார்கள்!

திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் வைத்தியருக்குச் சொல்லும் அறிவுரை இங்கே அப்படியே பொருந்தும். நோய் எது, அது எதனால் வந்தது, எப்படித் தீர்ப்பது என்ற வரிசையை அவர் வலியுறுத்துகிறார். காரணத்தைத் தேடாமல் மருந்துக்குத் தாவுவது வைத்தியம் ஆகாது. பாகத்தை மாற்றிப் பார்ப்பதும் பழுது பார்ப்பது ஆகாது.

சரியாகப் பார்ப்பது எப்படி?

கைதேர்ந்த மெக்கானிக் செய்வது இதுதான். முதலில் பிளக்கைப் பிடுங்குவார். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. இயந்திரம் ஆற இரண்டு மணி நேரமாவது விடுவார், அல்லது ஆறியிருக்கும் நேரம் பார்த்து வருவார். பஞ்சு வலை, காற்றுக் குழாய், பட்டைகள் ஆகியவற்றை முதலில் பார்ப்பார். செலவே இல்லாத காரணங்களை முதலில் ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம்.

பிறகு போர்டிலிருந்து சென்சார் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, கனெக்டர் பக்கத்தில் அளப்பார். இதில் சென்சாரும் ஒயரும் சேர்ந்து வரும். அடுத்து, சென்சார் இருக்கும் இடத்துக்கே போய் அதன் காலில் நேரடியாக அளப்பார். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒயரில் குறையில்லை. வேறுபட்டால் கோளாறு ஒயரில், அல்லது நடுவில் இருக்கும் கனெக்டரில். எலி கடித்ததும் பச்சை பூத்ததும் இந்த ஒரே சோதனையில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பக்கத்தில் வைத்த தெர்மாமீட்டர் காட்டும் சூட்டோடு அந்த எண்ணை ஒப்பிடுவார். பொருந்தினாலும் அதோடு விடமாட்டார். சாதாரண சூட்டில் யோக்கியமாக இருந்துவிட்டு, சூடானதும் பொய் சொல்லும் சென்சார்கள் உண்டு. ஆகவே சென்சாரைக் கழற்றி, ஒரு பாலிதீன் உறையில் போட்டு, வெந்நீரில் தெர்மாமீட்டரோடு சேர்த்து வைப்பார். 40 டிகிரியில் 5.3, 60 டிகிரியில் 2.5 என்று எண் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் திக்கினாலோ துள்ளினாலோ சென்சார் போயிற்று. ஒழுங்காக இறங்கினால், ஒயரும் சரியாக இருந்தால், அப்போதுதான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும். போர்டு கடைசி சந்தேக நபர், முதல் நபர் அல்ல!

துவைத்து உலர்த்தும் இரட்டை இயந்திரங்களில் இன்னொரு கவனம் வேண்டும். அங்கே தண்ணீர்ச் சூட்டை அளக்க ஒரு சென்சாரும், உலர்த்தும் காற்றை அளக்க வேறு சென்சாரும் இருக்கும். ஒன்றை அளந்துவிட்டு மற்றதற்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இத்தனைக்கும் ஆகும் நேரம் அரை மணி. தேவைப்படும் கருவி சில நூறு ரூபாய் மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், ஒரு குவளை வெந்நீர்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாமா என்று கேட்டால், பஞ்சு வலை, குழாய், பட்டைகள், துணியின் அளவு ஆகியவை வரை வீட்டுக்காரர்கள் பார்ப்பதே நல்லது. பின்பக்கத் தகட்டைக் கழற்றுவது தெரிந்தவர் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

"டைரக்ட்" என்னும் ஆபத்து

பணம் போவது ஒரு நஷ்டம்தான். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு.

டிரையரில் சென்சாரைத் தவிர இரண்டு காவலாளிகள் உண்டு. சூடு எல்லை மீறினால் ஹீட்டரைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று. அதுவும் தவறினால் ஒரேயடியாக உருகித் தன் உயிரைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றும் தெர்மல் ஃபியூஸ் இன்னொன்று. ஒருமுறை போனால் புதிதுதான் போட வேண்டும். அந்த ஃபியூஸ் போய்விட்டால் டிரையர் ஓடாது. அவசரத்துக்கு அந்த இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி "டைரக்ட் பண்ணி" விடும் பழக்கம் இருக்கிறது. இயந்திரம் ஓடும். வீட்டுக்காரர் மகிழ்வார். ஆனால் ஃபியூஸ் ஏன் போனது என்ற கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பொய் சொல்லும் சென்சார் ஒரு பக்கம், அடைத்த பஞ்சு மறுபக்கம், நடுவில் காவலாளியும் இல்லை. மூடிய அறையில் பஞ்சும் வெப்பமும் சேர்ந்தால் என்ன ஆகும்?

வெளிநாட்டு அனுபவம் கண்முன் இருக்கிறது. டிரையர் வீட்டுக்கு வீடு இருக்கும் அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையிலான காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் டிரையரால் நேர்ந்ததாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. அவற்றில் முதல் காரணம், 34 சதவீதம், சுத்தம் செய்யாமல் விட்டது. 2016 ஆகஸ்டில் லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்ததும் ஒரு டிரையரால்தான். ஹீட்டர் மேல் பஞ்சு படிந்து தீப்பிடிக்கும் குறை 2004 முதல் 2015 வரை தயாரான சில டிரையர்களில் இருந்தது. அதற்காக 2019-ல் பிரிட்டனில் சுமார் 5 லட்சம் வரையிலான டிரையர்கள் திரும்பப் பெறப்பட்டன. அங்கே குற்றவாளி சென்சார் அல்ல, பஞ்சு. ஆனால் பாடம் ஒன்றுதான். டிரையர் என்பது வீட்டுக்குள் இருக்கும் அடுப்பு. அடுப்புக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்கும் கொடுக்க வேண்டும்.

பார்த்ததுக்குக் காசா?

இப்போது மீதிப் பாதி உண்மைக்கு வரலாம்.

அரை மணி நேரம் உட்கார்ந்து அளந்து, "போர்டு நல்லா இருக்கு, கனெக்டர்ல பச்சை பூத்திருக்கு, சுரண்டி விட்டுட்டேன்" என்று ஒரு மெக்கானிக் சொன்னால் வீட்டுக்காரர் என்ன கேட்கிறார்? "ஒண்ணுமே மாத்தலையே, பாத்ததுக்கா காசு?" என்கிறார். ஐம்பது ரூபாய் கொடுக்கக் கூட மனம் வருவதில்லை. அதே ஆள் ஒரு புதுப் பெட்டியைப் பிரித்து, பளபளப்பான போர்டை மாட்டினால் பல ஆயிரத்தை முணுமுணுக்காமல் எண்ணிக் கொடுக்கிறார்.

அப்படியானால் மெக்கானிக் எதைக் கற்றுக்கொள்வார்? மூளைக்குக் கூலி இல்லை, பொருளுக்குத்தான் கூலி என்பதைத்தான். விழுப்புரத்திலிருந்து பெட்ரோல் போட்டு வருபவருக்கு அந்தக் கூலிதான் குடும்பம். அளப்பதற்குச் சம்பளம் கொடுக்காத ஊரில் அளக்கும் மெக்கானிக் நீடிக்க மாட்டார். டாக்டர் மருந்தே எழுதாமல் "ஒன்றும் இல்லை, போய்த் தூங்குங்கள்" என்று சொன்னால் ஃபீஸ் கொடுக்கும் சமூகம், மெக்கானிக்குக்கு மட்டும் மறுப்பது என்ன நியாயம்?

கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பல கையேடுகளில் "சர்வீஸ் சென்டரை அணுகவும்" என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடுகிறது. எந்தச் சூட்டில் எத்தனை ஓம் என்ற பட்டியலைத் தகட்டின் பின்பக்கம் ஒட்டினால் ஆகும் செலவு ஒரு ஸ்டிக்கர்! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, வாஷிங் மெஷின்களுக்கும் துவைத்து உலர்த்தும் இயந்திரங்களுக்கும் தெர்மோஸ்டாட், சென்சார், போர்டு உள்ளிட்ட உதிரிபாகங்களை, அந்த மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 10 ஆண்டுகளுக்குப் பழுது பார்ப்பவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். இந்தியாவிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. வீட்டு உபயோகச் சாதனங்கள் அதில் ஒரு பிரிவு. தொடக்கம் நல்லதுதான். ஆனால் இணையதளத்தில் இருக்கும் உரிமை உளுந்தூர்பேட்டைப் பின்கட்டில் வந்து இறங்க வேண்டுமே!

அநியாயமாகக் கழற்றி எறியப்படும் போர்டுகள் எங்கே போகின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் வாஷிங் மெஷின் உட்பட 106 வகைச் சாதனங்களை உள்ளடக்கியவை. ஆனால் கழிவை ஒழுங்காக அகற்றுவதைவிடக் கழிவையே உண்டாக்காமல் இருப்பது மேல். நல்ல போர்டைக் குப்பையாக்குவது பாவத்தில் பாவம்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. நான்கு சின்னக் காரியங்கள் போதும்.

முதலாவது, வீட்டுக்காரர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும்: "மீட்டர் வச்சுப் பாத்தீங்களா தம்பி? எவ்வளவு காட்டுச்சு?" கேள்வியில் சந்தேகம் வேண்டாம், அக்கறை போதும். எண்ணைச் சொல்பவர் அளந்திருக்கிறார் என்று அர்த்தம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் நல்லது.

இரண்டாவது, பார்த்ததற்குக் கூலி கொடுக்க வேண்டும். முன்கூட்டியே பேசி, பாகம் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் சோதனைக் கட்டணம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி. சில நூறு ரூபாய் அப்படிப் போனாலும் பல ஆயிரம் மிஞ்சும்.

மூன்றாவது, ஐ.டி.ஐ.களில் எலக்ட்ரீஷியன், குளிர்சாதனப் பிரிவுகளில் படிக்கும் மாணவர்களுக்கு வெந்நீரும் தெர்மிஸ்டரும் கொண்ட இந்த அரை மணிச் சோதனையை ஒவ்வொருவர் கையாலும் செய்ய வைக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்திலும் செய்யலாம். ஓம் விதியை மனப்பாடம் செய்யும் மாணவன் அதே விதி தன் வீட்டுப் பின்கட்டில் வேலை செய்வதைப் பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

நான்காவது, கம்பெனிகள் சூடு–ஓம் பட்டியலைத் தமிழில் அச்சடிக்க வேண்டும். 25 டிகிரிக்கு மட்டும் போதாது. 30, 35, 40 டிகிரிகளுக்கும் வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்குத் தமிழ்நாட்டு வெயிலில் படிக்கக்கூடிய பட்டியல் கேட்பது பேராசை அல்ல.

வருகிற ஐப்பசியிலும் மழை வரும். கொடிக்கயிறுகள் காலியாகும். ஏதோ ஒரு வீட்டில் டிரையர் நின்றுபோகும். அப்போது யாரோ ஒருவர் பின்பக்கத் தகட்டைக் கழற்றி உட்காருவார். அவர் முதலில் போன் எடுத்து போர்டு விலை கேட்கிறாரா, பையிலிருந்து மல்டிமீட்டரை எடுக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் மீட்டரை எடுக்க வேண்டுமானால், அளந்ததற்கு ஒரு கூலி உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் கொடுக்க வேண்டியது வாசலில் நிற்கும் வீட்டுக்காரர்தான்!